தேய்ந்த ஜாடி

காலை ஆறு இருபதுக்கு அண்ணன் போன் செய்தான். அண்ணிக்குக் கை தொங்குகிறது என்றான்.

"தொங்குதுன்னா?"

"மணிக்கட்டுக்குக் கீழ தூக்க முடியலை. டம்ளரைப் போட்டுட்டா. கோவத்துல போட்டான்னு நினைச்சு நான் வேற கத்திட்டேன்."

"வலி இருக்கா?"

"இல்லைங்கறா. அதான் பயமா இருக்கு."

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணிக்குச் சில மாதமாகவே வயிற்று வலி. முதலில் வாயு என்றார்கள். பிறகு அல்சர் என்றார்கள். ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மனசைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணி அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "மனசு வயித்துலதான் இருக்காம். ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கு."

கை தொங்கிய பிறகு யாரும் மனசைப் பற்றிப் பேசவில்லை. நரம்பு டாக்டர் இளம்பெண். டார்ச் அடித்து அண்ணியின் ஈறுகளைப் பார்த்தார். ஈறின் ஓரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு இருந்தது. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார்.

முடிவு வந்ததும் அண்ணனைத்தான் கேட்டார்கள். அவன் பீங்கான் பட்டறை வைத்திருக்கிறான். விளக்குத் தண்டு, பூச்சாடி, சுவரில் பதிக்கும் சின்ன ஓடு. பீங்கானின் மேல் பளபளப்புக்குப் பூசும் கலவையை கிளேஸ் என்பார்கள். அவனுடைய வெள்ளை கிளேஸில் ஈயம் உண்டு. அவன் அதை மறைக்கவில்லை.

"இருக்குங்க. ஆனா சாப்பாட்டுச் சாமான் எதுக்கும் நாங்க அதைத் தொடறதில்லை. முப்பது வருஷமா துணியை அங்கயே கழட்டிப் போட்டு, குளிச்சுட்டுத்தான் வீட்டுக்கு வரேன். சந்தேகமா இருந்தா என் ரத்தத்தை எடுங்க."

எடுத்தார்கள். அவன் ரத்தத்தில் கொஞ்சம் இருந்தது. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இருக்கும் கொஞ்சம். அண்ணிக்கு அதைப் போலப் பத்து மடங்கு. அவள் பட்டறைக்குப் போய் வருடக்கணக்காகிறது.

பட்டறை மேல் இருந்த சந்தேகம் அதோடு விலகியது.

அடுத்த வாரம் அதே ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சேர்ந்தார். வயிற்று வலி, மலச்சிக்கல், சோகை. அவரும் அண்ணியும் ஒரே பூங்காவில் காலையில் நடப்பவர்கள். அந்த நடைக் கூட்டத்துக்கு அண்ணன்தான் தலைவன். கேப்டன் என்று கூப்பிடுவார்கள். டாக்டர் அந்த நடைக் கூட்டம் முழுவதையும் வரவழைத்தார். ஒன்பது பேர் ரத்தத்தில் ஈயம். மற்றவர்களுக்கு இல்லை. ஒன்பது பேரும் ஒரே சத்துப் பவுடர் சாப்பிட்டவர்கள்.

பச்சை டப்பா. எலும்புக்கு, மூட்டுக்கு, தூக்கத்துக்கு என்று அதன் மேல் எழுதியிருக்கும். அண்ணன் கம்பெனியிலிருந்து மொத்தமாக வாங்கி, வேண்டியவர்களுக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவந்தான். அவன் சாப்பிடவில்லை. அந்த வாசனை அவனுக்கு ஆகாது.

"விடமாட்டேன்," என்றான் ஆஸ்பத்திரியில். "அந்தக் கம்பெனியை இழுத்து மூடலைன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"எந்தப் பேரை?" என்று படுக்கையிலிருந்து அண்ணி கேட்டாள். "கேப்டனையா?"

டிரைவர் ஆண்கள் வார்டிலிருந்து டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அண்ணியைப் பார்க்க வருவார். "அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டினவனை இதை ஓட்ட விட்டுட்டாங்கம்மா. ஒரு ஹாரன்கூட இல்லை." அண்ணன் அவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவான். கம்பெனி மேல் கொடுக்கப்போகும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கும் தாளை மடியில் வைப்பான். டிரைவர் போட்டுக் கொடுப்பார். ஏற்கெனவே போட்டிருந்தாலும் போட்டுக் கொடுப்பார்.

"ஒருத்தர் ஒரு தடவைதான் போடணும்," என்றேன்.

"நான் ரெண்டு ஆளு வெயிட்டும்மா," என்றார் டிரைவர். அப்போது அவர் பாதி ஆளாகியிருந்தார்.

நான் வேலை செய்வது உணவுப் பரிசோதனைக் கூடத்தில். உலோகங்கள் என் பிரிவு. அந்த மெஷினை ஓட்டுகிறவர்கள் இருவர்தான். இன்னொருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள்.

பிரிவுத் தலைவருக்கு கமா என்று பெயர். எந்த அறிக்கை மேசைக்குப் போனாலும் ஒரு கமாவாவது சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுவார். நோயாளிகளில் ஒருத்தி என் அண்ணி, பவுடரைக் கொடுத்தவன் என் அண்ணன், அவனுக்கு என்ன தொழில் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

"எழுதிக் குடுத்துரு," என்றார். "மத்தபடி எல்லாம் நம்பர்தானே. நம்பருக்கு ஏது அண்ணன் அண்ணி. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தார்.

வீடுகளிலிருந்து ஒன்பது டப்பாக்கள் வந்திருந்தன. எல்லாம் பாதியும் காலுமாகத் தீர்ந்தவை. ஒன்றின் மூடி ஓரம் கரண்டிக் காம்பால் நெம்பி நெம்பி வளைந்திருந்தது. அண்ணி டப்பா திறக்கும் விதம் அது. அதன் மேல் எண்ணை ஒட்டி மற்றவற்றோடு வைத்தேன்.

ஒவ்வொன்றிலிருந்தும் அரை கிராம் எடுத்துத் தடித்த மூடி போட்ட குழாயில் இட்டு, நைட்ரிக் அமிலம் ஊற்றிச் சூடேற்றுவோம். பவுடர் கரைந்து தண்ணீர் போலாகும். இதைச் செரிக்க வைப்பது என்போம். வரிசையின் முதல் குழாயில் பவுடர் இருக்காது. அமிலம் மட்டும். அதற்கு பிளாங்க் என்று பெயர். நம் குழாயிலிருந்தும் நம் அமிலத்திலிருந்தும் என்ன வருகிறது என்று அதில்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அடுத்தவன் சாமானைக் குற்றம் சொல்லுமுன் உன் பாத்திரத்தைப் பார்.

பிளாங்க் சுத்தமாக இருந்தது. ஒன்பது டப்பாவிலும் ஈயம் இருந்தது. இருக்கலாம் என்று சட்டம் சொல்லும் அளவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு.

"இது திங்கற பொருளா, சுவத்துக்கு அடிக்கற பெயின்டா?" என்றார் கமா.

முடிவு டாக்டருக்குப் போனது. டாக்டர் சொல்லி அண்ணனுக்குப் போனது. மறுநாளே கம்பெனி கிடங்கின் வாசலில் நின்றான். கூட ஆறு பேர், எல்லோரும் நடைப் பயிற்சிக் காலணியில். காவலாளி உள்ளே விடவில்லை. அவனிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினான்.

உணவு ஆய்வாளர் அந்த வார இறுதியில் கம்பெனிக் கிடங்கிலிருந்து சீல் பிரிக்காத டப்பாக்களைக் கொண்டுவந்தார். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார். அதே பச்சை. மூடிக்கு அடியில் அதே பாட்ச் எண்.

ஓட்டினேன். ஈயம் இல்லை. வயலில் விளைந்த எந்தக் காய்கறியிலும் இருக்கும் தூசியளவுகூட இல்லை.

கமா நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "திரும்ப ஓட்டு."

ஓட்டினேன். இல்லை.

"டப்பாவை மாத்திட்டானுங்களா?"

"சீல் இருக்கு சார்."

"பாட்ச்?"

"அதே பாட்ச்."

"நம்ம மெஷின்?"

"பிளாங்க் சுத்தம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப நீயே சொல்லு."

மூன்றாம் முறை எடை போட உட்கார்ந்தேன். இதுவரை நான் எண்களைப் பார்த்திருந்தேன். பவுடரைப் பார்க்கவில்லை. சீல் டப்பாவின் பவுடர் கரண்டியில் நறநறத்தது. மணலைப் போல உதிர்ந்து விழுந்தது. வீட்டு டப்பாவின் பவுடர் விழவில்லை. கரண்டியில் ஒட்டியது. கையுறைக்கு எகிறி ஒட்டியது. முகத்துக்குப் போடும் பவுடர் அளவு நைசாக இருந்தது.

ஒரே கம்பெனி, ஒரே பாட்ச். இதை யாரோ அரைத்திருக்கிறார்கள்.

செரித்த குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சீல் டப்பாவின் குழாய் தெளிவாக இருந்தது. வீட்டு டப்பாவின் குழாயில், அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் கரையாமல் நின்றது. செடிகொடிப் பவுடரில் மண் இருப்பது சகஜம். முதல் முறை அப்படித்தான் நினைத்து வடிகட்டியிருந்தேன். இப்போது அந்த வெள்ளையை வடிதாளில் எடுத்து உலர்த்தி, எக்ஸ்ரே கருவியின் கீழ் வைத்தேன். ஈயத்தோடு சிர்க்கோனியம் என்ற உலோகமும் இருப்பதாகக் காட்டியது.

"இது எதுல வரும்?" என்றார் கமா. "சாப்பாட்டுல வராதே."

அந்தப் பெயர் அச்சடித்த மூட்டைகள் அண்ணன் பட்டறையில் வாசலை ஒட்டி அடுக்கியிருக்கும். அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். வெள்ளை கிளேஸ் வெள்ளையாக இருப்பது அதனால்தான்.

"பீங்கான் கிளேஸ்ல வரும்," என்றேன்.

கமா என்னைப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இனிமே இதைத் தொடாதே," என்றார். "நான் பண்றேன்."

"சரி சார்."

"ஆய்வாளரைப் பட்டறைக்கு அனுப்பறேன்."

"நானும் போறேன்."

"போ. ஆனா அங்கயும் எதையும் தொடாதே."

நாங்கள் போனபோது பட்டறையில் வேலையாட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அண்ணன் தனியாக விளக்குத் தண்டுகளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா டியூப்லைட்டு."

பள்ளிக்கூடக் காலத்துப் பெயர். ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு எனக்குச் சிரிப்பு வருமாம்.

"இவர்தான் உணவு ஆய்வாளர்," என்றேன்.

"தெரியுமே. கிடங்குல போய் டப்பா எடுத்தாரே, அவர்தானே? உக்காருங்க. என்ன ஆச்சு, மாட்டினானுங்களா?"

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார்.

"பவுடர் வந்ததும் நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவேன்?"

"கம்பெனியில இருந்து வந்ததும். எடுத்து அப்படியே குடுத்துருவியா?"

"இல்லை. அரைப்பேன்."

"சொல்லவே இல்லையே."

"யாரு கேட்டா?" என்றான். "அது நறநறன்னு இருக்கும். தொண்டையில நிக்கும். டிரைவர் ஒரு நாள் பூங்காவுலயே குடிச்சுட்டு இருமி இருமி கண்ணு பிதுங்கிடுச்சு. பாதிப் பேருக்குப் பல்லு வேற கிடையாது. இந்த வருஷ ஆரம்பத்துல இருந்து நான் ஒரு ராத்திரி ஜாடியில போட்டு ஓட்டிடறேன். காலையில பட்டு மாதிரி இருக்கும். திரும்ப அதே டப்பாவுல அடைச்சு மூடிக் குடுத்துருவேன். கேப்டன் பவுடர்னு தனியாக் கேட்டு வாங்குவாங்க."

"எந்த ஜாடி?" என்றார் ஆய்வாளர்.

அண்ணன் எழுந்து காட்டினான். சுவரோரம் இரண்டு ரப்பர் உருளைகள். அவற்றின் மேல் கிடையாகப் படுத்திருக்கும் தடித்த பீங்கான் ஜாடி. உள்ளே கூழாங்கற்கள். மோட்டாரைப் போட்டால் உருளைகள் சுற்றும், ஜாடி சுற்றும், உள்ளே கற்கள் உருண்டு உருண்டு எதையும் மாவாக்கும். பக்கத்து அலமாரியில் அதே அளவில் இன்னும் மூன்று ஜாடிகள் நின்றன. ஒன்று பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருந்தது.

"புதுசு ஒண்ணு இருக்கே," என்றார் ஆய்வாளர். "அதுல போடலையா?"

அண்ணன் சிரித்தான். தொழில் தெரியாதவர்களிடம் சிரிக்கும் சிரிப்பு.

"புது ஜாடியில திங்கற பொருளைப் போடுவாங்களா? புது ஜாடி, புதுக் கல்லுன்னா சில்லு உதிரும் சார். பவுடர்ல கலந்துடும். வயசானவங்க குடலு என்னத்துக்கு ஆகும்? இது பதினெட்டு வருஷம் ஓடின ஜாடி. கையை விட்டுப் பாருங்க. தேஞ்சு தேஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு பொட்டு உதிராது. இருக்கறதுலயே நல்ல ஜாடியா பார்த்துப் பார்த்து எடுத்தேன்."

"பதினெட்டு வருஷம் இதுல என்ன ஓட்டினீங்க?"

"வெள்ளை."

"வெள்ளைன்னா?"

"வெள்ளை கிளேஸ். ஆனா கழுவினேங்க. சோப்பு, வெந்நீர், சோடா, எல்லாம் போட்டு. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவினேன். கடைசித் தண்ணியை நானே வாயில வச்சுப் பார்த்தேன். ஒரு ருசியும் இல்லை."

ஈயத்துக்கு ருசி இருந்தால் லேசான இனிப்பாக இருக்கும். தேய்ந்த பீங்கானின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஓடும். வெள்ளை அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். கற்களிலும் ஏறியிருக்கும். தண்ணீர் விட்டால் வராது. உலர்ந்த பவுடரோடு ஒரு ராத்திரி கற்கள் உருண்டால் வரும்.

"இதுல இருந்து கொஞ்சம் எடுத்துக்கறோம்," என்றார் ஆய்வாளர்.

அண்ணன் அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"ஓ! புரியுது. நாளைக்குக் கோர்ட்ல கம்பெனி வக்கீல் எந்திரிச்சு, எங்க மேல தப்பில்லை, இவரோட ஜாடியில இருந்து வந்ததுன்னு கதை விடுவான். அதுக்கு முந்தி நாமளே சோதனை பண்ணி, இதுல ஒண்ணுமில்லைன்னு வாயை அடைச்சுடணும். அதானே?"

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார்.

"எடுங்க, நல்லா எடுங்க. உள்ள வரைக்கும் விட்டு எடுங்க. இருங்க, வெளிச்சம் பத்தாது."

விளக்கைக் கொண்டுவந்து ஜாடியின் வாய்க்குள் அடித்துப் பிடித்துக்கொண்டான். ஆய்வாளர் ஈரப் பஞ்சுக் குச்சியை உள்சுவரில் தேய்த்து எடுத்தார். கற்களில் இரண்டை எடுத்து உறையில் போட்டார். மூடியின் ரப்பர் வளையத்தை நெம்பி எழுப்பினார். அடியில் இருந்த பள்ளத்தில் வெள்ளை கெட்டியாக இறுகிப்போயிருந்தது. குச்சி பட்டதும் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

"அது வெளிப்பக்கம்," என்றான் அண்ணன். "பவுடர் அங்க போகாது."

ஆய்வாளர் அதையும் எடுத்தார். ஜாடியையும் எடுத்துப் போக வேண்டும் என்றார். உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அண்ணன் போட்டான். கீழே, தலைவர், நடைக் கூட்டம் என்றும் எழுதினான். ஜாடியை அவனே இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிவந்து வண்டியில் வைத்தான். அடியில் சாக்கு மடித்துக் கொடுத்தான்.

"பார்த்துக் கொண்டுபோங்க சார். இந்த மாதிரி ஜாடி இனிமே கிடைக்காது."

வண்டி கொஞ்ச தூரம் போன பிறகு ஆய்வாளர் பேசினார்.

"கூடப் பிறந்தவரா?"

"ஆமா."

"நல்ல மனுஷன்."

"ஆமா."

கூடத்துக்குத் திரும்பி, கையைக் கழுவி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். முழுவதையும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

கமாதான் மெஷினை ஓட்டினார். அவர் அதைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எதற்குப் பிறகு எதை அழுத்துவது என்று சொன்னேன். பஞ்சுக் குச்சி, கற்கள், ரப்பர் வளையத்துக்கு அடியில் எடுத்தது. மூன்றிலும் ஈயமும் சிர்க்கோனியமும் வீட்டு டப்பாக்களில் இருந்த அதே விகிதத்தில் இருந்தன. பிறகு சீல் டப்பா ஒன்றைப் பிரித்து, அந்தப் பவுடரை அண்ணனின் ஜாடியில் போட்டு ஓட விட்டார்கள். ஒரு ராத்திரி. காலையில் பட்டு மாதிரி இருந்தது. அதில் ஈயம் இருந்தது.

"அவ்வளவுதான்," என்றார் கமா.

அறிக்கையை அவரே தட்டச்சு செய்தார். கம்பெனியின் பொருளில் நச்சு இல்லை. வாங்கிய பிறகு, பீங்கான் வேலைக்குப் பயன்பட்ட ஜாடியில் அரைத்ததால் ஈயம் கலந்திருக்கிறது. யார் பெயரும் அதில் இல்லை. ஜாடி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று மட்டும் ஒரு வரி. நான் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவர் எதுவும் சேர்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

"டாக்டருக்கு இப்பவே போகுது," என்றார். "கம்பெனிக்கும். நாளைக்கு ஆய்வாளர் உங்க அண்ணன்கிட்ட ஒரு பிரதி கொண்டுபோய்க் குடுப்பார். அதுக்கு முந்தி நீ போய்ச் சொல்லிடு. இதை ஒரு மனுஷன் காகிதத்துல படிக்கக் கூடாது."

"வழக்கு வருமா சார்?"

"வரலாம். தெரிஞ்சு பண்ணலைன்னு எல்லாருக்கும் தெரியும்." அறிக்கையை உறையில் போட்டு ஒட்டினார். "வழக்கைப் பத்தி அப்புறம் பார்க்கலாம். நீ என்னன்னு சொல்லுவே?"

"தெரியலை சார்."

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டிலும் உட்கார இடம் கிடைத்தது. வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். ஜாடியில் இருந்து தொடங்குவதா, கம்பெனியில் இருந்து தொடங்குவதா என்று பார்த்தேன். எதில் தொடங்கினாலும் மூன்றாவது வாக்கியத்தில் அவன் வந்துவிட்டான்.

அண்ணி ஜன்னலோரப் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டைக் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஈயத்தை வெளியே இழுக்கும் மருந்து இடது கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கையில் பலம் திரும்பிவிடும், நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணன் இல்லை.

"டிரைவர் போயிட்டார்," என்றாள் அண்ணி. "காலையில. இதயம் ஏற்கெனவே சரியில்லையாம். தாங்கலைன்னாங்க."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்க அண்ணன் அவங்க வீட்டுக்குப் போயிருக்கார். இப்ப வந்துருவார். போன்ல சொன்னார். டிரைவர் பொண்ணு இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சாம். இவர் சொல்லியிருக்கார், உங்கப்பாவைக் கொன்னவனை நான் சும்மா விடமாட்டேம்மான்னு."

பக்கத்துப் படுக்கைக்காரியின் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சமையல் குறிப்பு. யாரும் கேட்கவில்லை.

"ஜாடிதானே?" என்றாள் அண்ணி.

நான் அவளைப் பார்த்தேன்.

"ஜாடியை எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு அவர் சந்தோஷமா வந்து சொன்னார். எனக்கு அன்னிக்கே வயித்தைப் பிசைஞ்சுது. இந்த வலி இல்லை. வேற."

"ஆமா அண்ணி. ஜாடிதான்."

அவள் தலையசைத்தாள்.

"எழுதாம விட முடியாதா?"

"எழுதியாச்சு. அனுப்பியாச்சு. நாளைக்கு அவன் கைக்கு வந்துரும்."

"பெரிய கம்பெனி. ஒரு பழியைத் தாங்கும். இவர் தாங்கமாட்டார்."

"அவங்க மேல தப்பில்லை அண்ணி."

"தப்பு இருக்குன்னா சொன்னேன்? தாங்கும்னேன்."

நர்ஸ் வந்து சொட்டின் வேகத்தைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அண்ணி அவளைப் பார்த்துச் சிரித்தாள். அவள் போனதும் சிரிப்பும் போயிற்று.

"நான்தான் மொதல்ல கேட்டேன்," என்றாள். "தொண்டையை அறுக்குது, கொஞ்சம் அரைச்சுத் தாங்கன்னு. டிரைவர் எல்லாம் அப்புறம்தான். எனக்காகத்தான் மொதல்ல அரைச்சார். அதை எழுதியிருக்கீங்களா?"

"அதெல்லாம் எழுதமாட்டோம் அண்ணி."

"அதை எழுதணும்."

"அதுக்கு இடம் இல்லை."

"எல்லாத்தையும் அளந்து எழுதறீங்க. இதுக்கு இடம் இல்லையா?"

நான் கட்டையோடு கட்டியிருந்த அவள் கையைப் பார்த்தேன். விரல்கள் வெளியே தெரிந்தன. தொட்டேன். தொட்டது அவளுக்குத் தெரிந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

வராந்தாவில் அண்ணனின் குரல் கேட்டது. அவன் குரல் எப்போதும் அவனுக்கு முன்னால் வரும். யாரையோ நிறுத்தி, டிரைவர் வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். எடுப்பது நாளைக்குக் காலையில் என்றான். நடைக் கூட்டம் மொத்தமும் வரும் என்றான். பிறகு குரல் நின்று காலடி மட்டும் கேட்டது.

அண்ணி இடது கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். மருந்துக் குழாய் இழுபட்டு ஆடியது.

"நீ சொல்றியா," என்றாள், "நான் சொல்லட்டுமா?"